பதினாலு மாடி

மவுண்ட் ரோட்டில் நின்று எல்.ஐ.சி. கட்டடத்தின் மாடிகளை எண்ணிப் பார்க்காத வெளியூர்க்காரர் அந்நாளில் எவரும் இருந்திருக்க மாட்டார். நாங்களும் எண்ணினோம். 1981ஆம் ஆண்டு, அக்காவுக்குச் சென்னையில் தட்டச்சு வேலை கிடைத்து, அவளைக் கொண்டுவந்து விடுவதற்காகத் தம்பிகள் இருவரும் உடன் வந்திருந்தோம். எழும்பூரில் இறங்கிப் பெட்டியை உறவினர் வீட்டில் வைத்துவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் நேரே நடந்தது அந்தக் கட்டடத்தைப் பார்க்கத்தான். கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று எண்ணியதில் மூவருக்கும் மூன்று கணக்கு வந்தது. அக்காவுக்குப் பதினான்கு. எங்களில் ஒருவனுக்குப் பதினைந்து. மற்றவன் பாதியில் விட்டுவிட்டு, சுற்றிலும் இருந்தவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர் வழக்கில் அது 'பதினாலு மாடி'. தரைத்தளத்தையும் சேர்த்துப் பதினைந்து என்று எழுதியவர்களும் உண்டு. உயரம் 177 அடி. இன்றைய சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையோரம் நிற்கும் அடுக்ககங்களுக்கு முன் இது ஒன்றுமே இல்லை. ஏன், தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி என்று எங்கள் தந்தையே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆயினும் கோபுரங்களும், மாதா கோயில் கூம்புகளும், உயர்நீதிமன்றக் குவிமாடமும் மட்டுமே தலைதூக்கி நின்ற ஒரு நகரத்தில், மனிதர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கோப்பு பார்ப்பதற்கென்று இத்தனை உயரத்தில் ஓர் இடம் எழுந்தது அன்று விந்தைதான். திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான் என்பார்கள். சில ஆண்டுகளிலேயே பம்பாய் அந்தப் பெருமையைப் பறித்துக்கொண்டது. தமிழ்த் திரைப்படங்களில் மட்டும் அது பல காலம் இறங்கவில்லை. கிராமத்திலிருந்து ஒருவன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று காட்ட வேண்டுமா? சென்ட்ரல் ஸ்டேஷன், அடுத்து எல்.ஐ.சி. கட்டடம். அவ்வளவுதான், அவன் மெட்ராஸுக்கு வந்து சேர்ந்துவிட்டான்.

எங்களுக்கு அந்தக் கட்டடத்தோடு இருந்த உறவு திரைப்படங்களுக்கும் முந்தையது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

*

அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. தந்தை ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1962இல், எங்களில் இளையவன் பிறந்திருந்த நேரத்தில், சைக்கிளில் ஒருவர் வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். வேட்டி, சட்டை, கக்கத்தில் தோல் பை. தந்தையோடு அவர் பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே உள்ளிருந்து அப்பத்தா எழுந்து வந்துவிட்டார். பேச்சின் சாரம் அவருக்குப் புரிந்துபோயிற்று.

"ஏய்யா, பச்சப்புள்ள இருக்குற வீட்டுல வந்து எம்மகன் செத்துப்போனா என்னாகும்னு கேக்குறியே, ஒனக்கு நல்லாருக்கா இது?"

வந்தவர் பதறவில்லை. நாளொன்றுக்குப் பத்து வீட்டில் இதே வசவைக் கேட்டுப் பழகியவர் போலும். "இல்லீங்க ஆத்தா. வாத்தியாரு நூறு வருசம் இருப்பாரு. இருந்தாலும் பணம் வரும்" என்றார். அப்புறம் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் தந்தையிடம் நீட்டினார். மவுண்ட் ரோட்டில் புதிதாகக் கட்டி முடித்திருந்த அந்தக் கட்டடத்தின் படம். "நம்ம ஆபீசு. பதினாலு மாடி. இது எங்கே ஓடிப்போகப் போகுது சார்?"

தந்தையை வென்றது இந்தக் கேள்விதான் என்று பின்னாளில் அம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு முன் அந்த வட்டாரத்தில் சீட்டுக் கம்பெனிகள் ஓடிப்போன கதைகள் ஏராளம். ஓடிப்போக முடியாத அளவுக்குக் கனமான ஒன்றை அந்த மனிதர் படமாகக் காட்டினார். 3,000 ரூபாய்க்கு ஒரு பாலிசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 38 ரூபாய். பள்ளி ஆசிரியருக்கு அது சிறிய தொகையன்று. படம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. தந்தை அதைப் பாலிசிப் பத்திரத்தோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். நல்ல நாள்களில் பெட்டி திறக்கப்படும்போது எங்களுக்கு அதை எட்ட நின்று பார்க்கலாம். தொடக் கூடாது.

1974இல் மஞ்சள் காமாலையில் தந்தை இறந்தார். வயது 41. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு தவணையும் தவறியிருக்கவில்லை. அதே ஏஜெண்டு, இப்போது நரைத்த தலையோடு, அதே சைக்கிளில் வந்து படிவங்களை நிரப்பிக் கொடுத்தார். இம்முறை அப்பத்தா திட்டவில்லை. திண்ணையில் அவருக்கெதிரே உட்கார்ந்து, "நீ அன்னைக்குச் சொன்னப்ப எனக்குக் கோவம் வந்துச்சுய்யா" என்று மட்டும் சொன்னார். பணம் கோட்ட அலுவலகத்திலிருந்து காசோலையாக வந்தது. எங்கள் மனத்தில் மட்டும் அது பதினாலு மாடியிலிருந்து வந்தது. அந்தப் பணத்தில்தான் அடகில் இருந்த ஒரு துண்டு நிலம் மீண்டது. அக்கா பள்ளியிறுதி முடித்துத் தட்டச்சு படித்தாள்.

அடுத்த ஆண்டு, 1975 ஜூலை 11 அன்று, அந்தக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு வாரங்கள் ஆகியிருந்த நேரம். செய்தி வானொலி வழியாகவும் வாய்வழியாகவும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. வரும்போதே பெருத்து வந்தது. கட்டடம் இடிந்து தரைமட்டமாகிவிட்டது என்று தேநீர்க்கடையில் ஒருவர் சத்தியம் செய்தார். அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு நான்கைந்து பேர் வந்துவிட்டார்கள். எங்களுக்குப் பணம் வந்ததைப் பார்த்துத் தாங்களும் பாலிசி எடுத்தவர்கள் அவர்கள். அம்மாவைத்தான் கேட்டார்கள். "டீச்சரம்மா, நம்ம பத்திரமெல்லாம் அங்கதான இருந்திருக்கும்? எரிஞ்சிருக்குமா?" அம்மா ஆசிரியை அல்லர். ஆசிரியரின் மனைவியை அப்படி அழைப்பது எங்கள் ஊர் மரியாதை.

அம்மாவுக்கும் விடை தெரியாது. எனினும் உள்ளே போய்த் தன் ரசீதுக் கட்டை எடுத்துவந்து காட்டினார். "பணம் கட்டுன சீட்டு நம்மகிட்டல்ல இருக்கு? அது எரியலையே" என்றார். மறுவாரம் ஏஜெண்டு வந்து அதையே வேறு வார்த்தைகளில் சொன்னார். எங்கள் பகுதிப் பாலிசிகளின் பதிவுகள் கோட்ட அலுவலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எரிந்தது மண்டல அலுவலகம். கட்டடம் பெருஞ்சேதம் அடைந்தது உண்மை; ஆனால் அதன் கான்கிரீட் சட்டகம் நின்றுவிட்டது. வந்தவர்கள் நிம்மதியோடு போனார்கள். யாரும் தவணையை நிறுத்தவில்லை. தீயைப் பற்றிய எங்கள் நினைவு அதுதான்: தொலைவில் ஒரு கட்டடம் எரிந்துகொண்டிருக்க, எங்கள் முற்றத்தில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து சிலர் ரசீதுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

1981இல் நாங்கள் அண்ணாந்து பார்த்தது, எரிந்து செப்பனிடப்பட்ட அந்தக் கட்டடத்தை. எங்கள் பெட்டியிலிருந்த படத்தோடு அது முழுவதும் ஒத்துப்போகவில்லை என்று அக்காவுக்கு ஒரு குறை.

*

அந்தக் கட்டடத்தைக் கட்ட நினைத்தவர் யார் என்று நாங்கள் வெகுகாலம் கேட்டதில்லை. அரசாங்கம் கட்டியது என்றே எண்ணியிருந்தோம். பெரிய கட்டடங்களை அரசாங்கமோ அரசரோ கட்டுவதாகத்தான் கிராமத்துப் பிள்ளைகள் நம்புவார்கள். சென்னை வரலாற்றை வாரந்தோறும் எழுதிவந்த எஸ். முத்தையா போன்றோரின் எழுத்துகளைப் படிக்கத் தொடங்கிய பிறகே எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் என்ற பெயர் எங்களுக்கு அறிமுகமாயிற்று. சேப்பாக்கம் கிரிக்கெட் அரங்கத்தின் பெயரில் உள்ளவர் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அவர் எம்.ஏ. சிதம்பரம், வேறொருவர்.

கதை 1906இல் தொடங்குகிறது. சுதேசி இயக்கத்தின் வேகத்தில் நாடெங்கும் இந்தியர்களின் காப்பீட்டு நிறுவனங்கள் தோன்றிய காலம். கல்கத்தாவில் நேஷனல், லாகூரில் கோ-ஆபரேடிவ் என்று முளைத்த வரிசையில் சென்னையில் பிறந்தது யுனைடெட் இந்தியா. வெள்ளையர் நிறுவனங்கள் இந்திய உயிர்களைக் காப்பீடு செய்யத் தயங்கியதும், செய்தால் கூடுதல் பிரிமியம் கேட்டதும் முந்தைய நூற்றாண்டின் வழக்கம். நம் உயிருக்கு நாமே விலை வைத்துக்கொள்வோம் என்பதும் ஒருவகைச் சுதேசியம்தான். கப்பல் ஓட்டியதைப் போல அது பாட்டில் ஏறவில்லை, அவ்வளவே.

கானாடுகாத்தானைச் சேர்ந்த வணிகக் குடும்பத்தில் 1908இல் பிறந்த சிதம்பரம் செட்டியார் பிற்காலத்தில் அந்த நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். அதற்கு முன்பே, 28 வயதில், 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியிருந்தார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளைகள் திறந்தன. கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த சமூகம் ஒன்று, வீட்டுப் பெட்டகத்திலிருந்தும் கைக்கணக்கிலிருந்தும் வெளியேறி, நவீன வங்கி என்ற வடிவத்துக்குள் நுழைந்த தருணம் அது.

1950களின் தொடக்கத்தில் தம் நிறுவனத்துக்கு மவுண்ட் ரோட்டில் ஒரு தலைமையகம் எழுப்ப அவர் முடிவு செய்தார். அண்ணா சாலை என்ற பெயர் அதற்கு அப்போது இல்லை. பிரௌன், மௌலின் என்ற இரு ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர்கள் வரைபடம் தந்தார்கள். கட்டுமானப் பொறுப்பு முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த கோரமண்டல் எஞ்சினீயரிங்கிடம் வந்தது. 1953இல் வேலை தொடங்கிற்று. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தடித்த சுவர்களின் மேல் பாரத்தை ஏற்றுவதுதான் இந்த நகரத்துக் கொத்தனார்களின் பரம்பரை வித்தை. இங்கே பாரத்தைச் சுமக்கப் போவது கான்கிரீட் தூண்கள். சுவர் வெறும் மறைப்பு. உயரம் போகப்போகச் சுவர் தடிக்க வேண்டும் என்ற பழைய விதி இங்கே செல்லாது. இந்தப் பகுதிக் கட்டுமானம் திசை மாறிய இடங்களில் இது முக்கியமானது.

1954 மார்ச் 13. சிட்னியிலிருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த பி.ஓ.ஏ.சி. விமானம் சிங்கப்பூரின் காலாங் நிலையத்தில் தரையிறங்கும்போது ஓடுபாதையின் விளிம்பில் மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த 40 பேரில் 33 பேர் இறந்தார்கள். அவர்களுள் ஒருவர் சிதம்பரம் செட்டியார். வயது 45.

இதை முதன்முதலாகப் படித்த இரவு நாங்கள் மூவரும் தொலைபேசியில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "நம்ம அப்பாவைவிட நாலு வயசுதான்டா பெரியவரு." எதிர்பாராத சாவுக்குப் பின் குடும்பம் எப்படி நிற்கும் என்ற கேள்வியை வணிகமாக நடத்தியவர், எதிர்பாராத சாவுக்கே ஆளானார். இதில் நீதி எதையும் தேட நாங்கள் விரும்பவில்லை. காப்பீட்டுக்காரர்கள் இதற்கு வியக்க மாட்டார்கள். ஆயிரம் பேரில் எத்தனை பேர் இந்த ஆண்டு சாவார்கள் என்று அவர்களால் கணக்கிட முடியும்; எந்த ஒருவர் என்று சொல்ல முடியாது. அந்தத் தொழிலே அந்த அறியாமையின் மேல்தான் நிற்கிறது. மவுண்ட் ரோட்டில் அப்போது கட்டுமானத்தின் தொடக்க நிலைதான்.

வேலை நிற்கவில்லை. ஆனால் உடைமை மாறிற்று. 1956 ஜனவரி 19 அன்று இரவு நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் வானொலியில் பேசினார்; ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகம் ஒரே அவசரச் சட்டத்தால் அரசின் கைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. 154 இந்திய நிறுவனங்கள், 16 அயல்நாட்டு நிறுவனங்கள், 75 வருங்கால வைப்புச் சங்கங்கள், ஆக 245 அமைப்புகள் அதில் கரைந்தன. யுனைடெட் இந்தியாவின் ஆயுள் காப்பீட்டுத் தொழில் அவற்றுள் ஒன்று. 5 மண்டலங்கள், 33 கோட்டங்கள், 212 கிளைகளோடு தொடங்கிய அந்தக் கழகத்துக்குத் தென்மண்டலத்தில் பாதி எழும்பிய ஒரு கோபுரமும் சீதனமாக வந்து சேர்ந்தது.

1957இல் ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர்களும் பொறுப்பிலிருந்து விலகினார்கள். சென்னையில் நெடுநாளாகத் தொழில் செய்துவந்த எல்.எம். சித்தாலே மீதியை முடித்துக்கொடுத்தார். ஆக, நினைத்தவர் இல்லை. அவர் நிறுவனத்தின் பெயர் இல்லை. வரைந்தவர்களும் ஊரில் இல்லை. கட்டடம் மட்டும் ஒவ்வொரு தளமாக ஏறிக்கொண்டிருந்தது.

திறப்பு விழாவிலும் ஒருவர் இல்லை. 1956இல் தேஷ்முக் பதவி விலகியபின் நிதித்துறைக்கு வந்தவர் சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பொதுமக்களின் பிரிமியப் பணத்திலிருந்து ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் போட்டது 1957இல் வெளிப்பட்டது. நாடாளுமன்றத்தில் அதை எழுப்பியவர் பெரோஸ் காந்தி, பிரதமரின் சொந்த மருமகன். நீதிபதி சாக்ளாவின் விசாரணைக்குப் பின் 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி ஊழல் என்று அதை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். இது நடந்திராவிட்டால் தம் சொந்த ஊரின் உயரமான கட்டடத்தை அவரே திறந்துவைத்திருக்கக் கூடும். 1959 ஆகஸ்ட் 23 அன்று அதைத் திறந்துவைத்தவர் அடுத்து வந்த நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்த ஏஜெண்டு படத்தை நீட்டியது இதற்கு மூன்றாண்டுகள் கழித்து. "இது எங்கே ஓடிப்போகப் போகுது?" என்று அவர் கேட்டபோது, அதற்குப் பின்னால் ஒரு விமான விபத்தும், ஓர் அவசரச் சட்டமும், ஓர் அமைச்சரின் பதவி விலகலும் இருந்தன. அவருக்கு அவற்றில் எத்தனை தெரியுமோ, தந்தைக்கு எத்தனை தெரிந்திருந்ததோ. செய்தித்தாளை வரிவிடாமல் படிப்பவர் தந்தை. முந்த்ரா விவகாரத்தை அவர் அறியாமல் இருந்திருக்க முடியாது. அறிந்தும் கையெழுத்திட்டார் என்பதைத்தான் இன்று நாங்கள் எண்ணிப் பார்க்கிறோம். மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு எதையேனும் ஒன்றை நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது.

*

காப்பீட்டு நிறுவனங்களுக்கும் உயரத்துக்கும் என்ன உறவு? எங்களுக்குள் இந்தக் கேள்வி நீண்ட நாள் இருந்தது. வானளாவிகளின் வரலாற்றைப் புரட்டினால் தொடக்கத்திலேயே காப்பீட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். உலகின் முதல் வானளாவி என்று பலரும் சுட்டும் சிகாகோ கட்டடம் 1885இல் ஹோம் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காக எழுந்தது. முதலில் பத்து மாடி. நியூயார்க்கில் 1909இல் 700 அடிக்கு உயர்ந்து நான்கு ஆண்டுகள் உலகிலேயே உயரமானதாக நின்றது மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனத்தின் கோபுரம். அதே நகரில் அலுவலகக் கட்டடத்துக்குள் பயணிகள் மின்தூக்கியை முன்னோடியாகக் கொண்டுவந்த ஈக்விடபிள் லைஃப் கட்டடம் 1912இல் தீக்கிரையாயிற்று. ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தை 1931இல் இடித்துவிட்டார்கள்.

துணிக்கடைக்காரர் துணியைக் காட்டலாம். நகைக்கடைக்காரர் நகையைக் காட்டலாம். காப்பீட்டுக்காரரிடம் காட்ட என்ன இருக்கிறது? இன்று பணம் கொடு, நீ இல்லாத ஒரு நாளில் உன் வீட்டுக்கு வந்து தருகிறேன் என்கிறார். கொடுத்தவனால் சரிபார்க்கவே முடியாத ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு ஓர் உடம்பு தேவைப்படுகிறது. கல்லிலோ இரும்பிலோ கான்கிரீட்டிலோ அதை அமைத்து, ஊரின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்திவிடுகிறார்கள்.

மவுண்ட் ரோட்டிலேயே இதற்கு மூத்த சாட்சி ஒன்று உண்டு. 1897இல் டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காகக் கட்டப்பட்ட கார்டைல் கட்டடம், குவிமாடங்களும் வளைவுகளுமாக இந்தோ-சாரசனிக் பாணியில் அமைந்தது. 1934இல் பாரத் இன்சூரன்ஸ் அதை வாங்கிற்று. தேசியமயமாக்கலில் அதுவும் அதே கழகத்திடம் வந்தது. 2006இல் அதை இடிக்கும் வேலை தொடங்கியபோது மரபு ஆர்வலர்கள் நீதிமன்றம் சென்று தடுத்தார்கள். ஒரே சாலையில், ஒரே உரிமையாளரிடம் இரண்டு காப்பீட்டுக் கட்டடங்கள். ஒன்று ஊரின் அடையாளமாயிற்று. மற்றொன்று காப்பாற்றச் சொல்லி வழக்காட வேண்டியதாயிற்று. அந்தச் சாலையில் இது புதிதன்று. பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983இல் எரிந்தது. சஃபையர், ஆனந்த் திரையரங்குகள் நினைவாகிவிட்டன. உயர்ந்தும் அகன்றும் நின்றவை பல போன பின்பும், இந்தப் பதினாலு மாடி தன் இடத்தில் நிற்கிறது. தென்மண்டல அலுவலகமாகவே நிற்கிறது.

மாறாமல் நிற்கிறது என்று சொல்வதற்கில்லை. கழகத்தின் ஏகபோகம், 1999ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் தனியார் நிறுவனங்கள் வந்ததும், 44 ஆண்டுகளில் முடிந்தது. 2022 மே மாதத்தில் கழகத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன. தனியார் ஒருவர் நினைத்ததை அரசு முடித்தது. அரசின் உடைமையில் ஒரு பகுதி மீண்டும் தனியார் கைகளுக்கு வந்திருக்கிறது. சிதம்பரம் செட்டியாரின் வங்கியும் 1969இல் தேசியமயமானது. இவற்றில் எது சரி, எது பிழை என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. அரசின் கழகமாக அது இருந்த காலத்தில் அறந்தாங்கிப் பக்கத்துச் சிற்றூர் வரை ஒரு சைக்கிள் வந்தது என்பதை மட்டும் சாட்சியாகச் சொல்ல முடியும்.

*

2019 பிப்ரவரி 10 அன்று, டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரையிலான மெட்ரோ ரயில் தடம் திறக்கப்பட்டது. அதில் ஒரு நிலையத்தின் பெயரே எல்.ஐ.சி. 82 ஆண்டுகளுக்கு முன் அதே பிப்ரவரி 10இல்தான் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் அந்த வங்கி திறந்தது. தற்செயல்தான். இருந்தாலும் எங்களால் அதைக் குறிக்காமல் விட முடியவில்லை. ஊர்ப்பெயராகவே ஆகிவிட்ட மூன்று எழுத்துகளுக்கு அடியில் அந்த மனிதரின் பெயர் எங்கும் ஒலிப்பதில்லை. பள்ளிகளில் அவர் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. சாலையில் போகிறவர்களைக் கேட்டால் கிரிக்கெட் அரங்கத்தைச் சொல்வார்கள்.

அம்மா மறைந்த பிறகு டிரங்குப் பெட்டியை மூவரும் சேர்ந்து திறந்தோம். பாலிசிப் பத்திரம் அதில் இல்லை. பணம் பெறும்போது ஒப்படைத்துவிட்டோம். கட்டடத்தின் படம் இருந்தது, ஓரங்கள் செல்லரித்து. ரசீதுகள் இருந்தன. 1962 முதல் 1974 வரை, காலாண்டுக்கு ஒன்றாக, சணல் கயிற்றால் கட்டியவை. காசோலை வந்த பிறகு அவற்றால் பயன் எதுவுமில்லை. இருந்தும் அம்மா அவற்றை வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் 38 ரூபாய். எந்த மாதத்தில் எதைக் குறைத்து அந்த 38 ரூபாய் வந்தது என்பதில் சிலவற்றை எங்களுக்கே நினைவிருக்கிறது. ஒரு தீபாவளிக்குச் சட்டை வராததற்கு நாங்கள் தந்தையோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தோம்.

சென்ற ஆண்டு அக்காவின் பேத்தியை அழைத்துக்கொண்டு அந்த நிலையத்தில் இறங்கினோம். படியேறி வெளியே வந்ததும் பேத்தி கேட்டாள்: "இதுதானா? இவ்வளவு சின்னதாவா இருக்கு?" அவள் வசிப்பது இருபத்திரண்டாம் மாடியில். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "எண்ணு பாப்போம்" என்றாள். பேத்தி சாலையின் இரைச்சலுக்கு நடுவே விரல் நீட்டி எண்ணத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, "கீழ இருக்கறதையும் சேக்கணுமா பாட்டி?" என்று கேட்டாள்.

"சேத்துக்கோ" என்றாள் அக்கா.

நாங்களும் அண்ணாந்து, முதலிலிருந்து எண்ணினோம்.